அண்ணி ஓடை தாண்டிய வருஷம்

என் அண்ணி ஜிக்போடி, புருஷனோடு கோபித்துக்கொண்டு வெளிநாடு போனாள். பெரிய பயணம் ஒன்றும் இல்லை. பலகைப் பாலத்தை விட்டுவிட்டு, இடுப்புத்துணியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் டோஜி ஊரின் நடுவில் ஓடுகிற ஓடையில் இறங்கினாள். அக்கரை ஏறினால் பிரெஞ்சுக்காரன் ஆளுகிற பூமி. தலையில் களி கிண்டுகிற பானை, பானைக்குள் ஒரு கோழி. கோழி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அண்ணி பார்க்கவில்லை.

அக்கரையில் முதல் வீடே அவள் அண்ணன் அமேவுடையது. எங்கள் வாசலில் நின்று யாராவது தும்மினால் அமேவு அங்கிருந்து "நூறாயுசு" என்பார். அவ்வளவு தூரம்தான் வெளிநாடு.

ஜிக்போடி என்றால் எங்கள் எவே பாஷையில் பொறுமை என்று பொருள். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள்.

சண்டைக்குக் காரணம் ஓட்டு. 1956ஆம் வருஷம், மழை தொடங்குகிற மாதம். ஒரு காலத்தில் ஜெர்மன்காரன் இரண்டு கரையையும் சேர்த்தே ஆண்டான். அவன் யுத்தத்தில் தோற்றதும் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் எங்கள் டோகோவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வரைபடத்தில் கிழித்த கோடு எங்கள் ஓடைமேல் வந்து படுத்துக்கொண்டது. தேவாலயமும் பள்ளிக்கூடமும் இக்கரையில் நின்றுவிட்டன. இடுகாடும் நல்ல கள் கிடைக்கிற தோப்பும் அக்கரைக்குப் போய்விட்டன. செத்தவனும் குடிக்கிறவனும் எல்லை தாண்டித்தான் ஆகவேண்டும்.

இப்போது ஐ.நா. சபை இங்கிலீஷ்காரன் பக்கத்தில் இருந்த எங்களிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டது. பக்கத்து கோல்டு கோஸ்டுக்குச் சீக்கிரம் சுதந்திரம் வரப்போகிறது, அதோடு சேருகிறீர்களா, பிரிந்தே நிற்கிறீர்களா? 'சேர்' என்றால் அக்கரைச் சொந்தங்களை விட்டுப் பிரியவேண்டும். அக்கரையோடு என்றைக்காவது ஒன்றாகவேண்டும் என்கிறவன் 'பிரி' என்று ஓட்டுப் போடவேண்டும். ஆக, சேருவதற்குப் பிரியணும், பிரிவதற்குச் சேரணும். இந்தக் கேள்வியை உட்கார்ந்து யோசித்தவருக்கு அண்ணன் தங்கை யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

என் அண்ணன் டோட்சே தையற்காரன். மாமரத்தடியில் மிஷினைப் போட்டுக்கொண்டு, வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டே உலக விவகாரம் பேசுவான். அவன் 'சேர்' பக்கம். அன்று இரவுச் சாப்பாட்டில் நானும் இருந்தேன்.

"அடுத்த வருஷம் அவங்களுக்குக் கொடி ஏறுது. கூட நின்னா நமக்கும் ஏறும்" என்றான். "வந்து நிக்கிற பஸ்ஸுல ஏறாம, வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கச் சொல்றியா?"

"பஸ்ஸுல எங்க அண்ணனுக்கு எடம் இருக்கா?" என்று கேட்டாள் அண்ணி.

"அவன் அப்புறம் வருவான்."

"எப்புறம்?"

"அப்புறம்னா அப்புறம்தான்."

"அவன் ரோட்டுல நிப்பான், நான் ஜன்னலோரம் உக்காந்து கையாட்டிட்டே போகணும். நல்லாருக்கு."

அத்தோடு அண்ணன் வாயில் களியைப் போட்டிருக்கலாம். போடாமல், "சரி விடு. ஒரு வீட்டுக்கு ஒரு முடிவுதான் இருக்கணும். நான் சொல்ற எடத்துல நீயும் போடு" என்றான்.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கையில் கரண்டி இருக்கிறவரை பயமில்லை. வைத்துவிட்டால்தான் பயம்.

"வெள்ளைக்காரனே என்னைக் கேட்டுட்டுத்தான் முடிவு பண்றேங்கறான். பத்து வருஷமாக் கூடக் குடித்தனம் பண்றீங்க, உங்களுக்குக் கேக்கணும்னு தோணல" என்றாள். பொழுது விடிந்ததும் பானை, கோழி, ஓடை.

*

எங்கள் ஜனங்களுக்குச் சண்டை என்றால் பாட்டுக் கட்டவேண்டும். கையை ஓங்குகிறவனை மதிக்க மாட்டார்கள். சொல்லுக்குச் சொல் தாளத்தோடு திட்டத் தெரிந்தவனுக்குத்தான் மரியாதை. அண்ணி கன்னிப்பெண்ணாக இருந்தபோதே அவளோடு எசப்பாட்டுக்கு நிற்க மூன்று ஊரில் ஆள் இல்லை. அண்ணன் அவளைக் கட்டிக்கொண்டதே, எதிர்த்து நிற்பதைவிடப் பக்கத்தில் நிற்பது மேல் என்று நினைத்துத்தான்.

மறுநாள் சாயங்காலம் அக்கரையில் பெண்கள் கூடினார்கள். தட்டுவதற்குக் கவிழ்த்த சுரைக்குடுவை, கிலுகிலுப்பை, அமேவு வீட்டு முரசு. அண்ணி குரல் ஓடைமேல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"சட்டைக்கு ரெண்டு கை உண்டுன்னு
சந்தையில் கேட்டாச் சொல்லாரோ?
ஒத்தக் கை சட்டையத் தைச்சுப்போட்டு
ஊரச் சுத்தி வருவாரோ?"

இக்கரையில் களி கிண்டிக்கொண்டிருந்தவர்கள் கிண்டுவதை நிறுத்தினார்கள். அண்ணன் மிஷினை வேகமாக மிதித்தான், சத்தத்தில் பாட்டு அமுங்கட்டும் என்று. மிஷின் பாட்டுக்குத் தாளம் போட்டதுபோல் ஆகிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். பலகைப் பாலத்தின் பிரெஞ்சு முனையைக் காவல் காக்கிற சம்பியானியும் சிரித்தான். அவன் வடக்கே தூர தேசத்து ஆள், எங்கள் பாஷை அரைகுறை. ஆனால் யாரோ ஒரு புருஷன் வாங்கிக் கட்டிக்கொள்கிறான் என்பது எந்த ஊர்க்காரனுக்கும் விளங்கும்.

'சேர்' கட்சியின் உள்ளூர்ச் செயலாளர் கோமாஷிக்கு இது பொறுக்கவில்லை. காக்கிக் கால்சட்டை, கழுத்தில் தகர ஒலிபெருக்கி. தூங்கப் போகும்போதும் அதைக் கழற்றுவதில்லை என்று அவர் சம்சாரமே சொல்லியிருக்கிறாள்.

"டோட்சே, உன் மானம் போகுதுன்னு நான் வரல. நம்ம கட்சி ஓட்டு போகுது. பதில் பாட்டு கட்டியாகணும்."

"எனக்குக் கட்ட வராது."

"நான் கட்டறேன்."

கட்டினார். நீள ரொட்டி பிரெஞ்சுக்காரன் பக்கத்தில்தான் கிடைக்கும் என்பதை வைத்து ஒன்று.

"நீள ரொட்டி கெடச்சதுமே
நின்ன வீடு மறந்தாச்சோ?
வெண்ணெ தடவிக் குடுத்தவன்கிட்ட
வெக்கம் வித்துத் தின்னாச்சோ?"

ஒலிபெருக்கியில் அது இரண்டு கரைக்கும் கேட்டது. அண்ணன் மாமரத்தடியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். 'வெக்கம்' என்ற சொல் வந்ததும் கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

அக்கரையிலிருந்து பதில் வர நேரம் ஆகவில்லை.

"பொண்டாட்டியக் கூப்புடத்தான்
பொழுது போச்சா டோட்சேக்கு?
ஊரான் ஒருத்தன் ஊதறானே
உனக்கு வாயி இல்லையோடா?"

சபையில் புருஷனை 'டா' போட்டுப் பாடலாம், பாட்டுக்குள் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பிடவும் இல்லை. என்னைக் கூப்பிட்டு, "எசி, நீ போய் ஒரு தடவை பாத்துட்டு வாயேன். சும்மா, சாப்பாடு கீப்பாடு சரியா இருக்கான்னு" என்றான்.

நான் போனேன். பாலத்தில் சம்பியானி என் கையிலிருந்த கிழங்கைப் பார்த்துவிட்டு வழி விட்டான். அமேவு வீட்டு முற்றத்தில் அண்ணி மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அண்ணன் அனுப்பினாரா?"

"இல்லையே. நானாத்தான் வந்தேன்."

"அப்ப திரும்பிப் போயி, அவரு அனுப்பினதும் வா."

அமேவு முக்காலியை எனக்கு நகர்த்திப் போட்டார். மெதுவாகப் பேசுகிற மனுஷன். "எசி, கேட்டுக்க. மச்சான் மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. அவரு எடத்துல நான் இருந்தா நானும் அதையேதான் யோசிச்சிருப்பேன். வீடு தீப்பிடிச்சா கைக்குக் கெடச்ச பிள்ளையைத் தூக்கிட்டுத்தான் ஓடுவோம். ஆனா எரியற வீட்டுக்குள்ளேயே நிக்கிற பிள்ளைகிட்ட அப்புறம் வர்றேன்னு சொல்லாம ஓடலாம்."

அண்ணி குழவியை நிறுத்தினாள். "அதைச் சொன்னதுக்காகக்கூட நான் வரல, எசி. நான் சொல்ற எடத்துல போடுன்னாரு பாரு, அதுக்கு வந்தேன். என் ஓட்டு என்ன அவரு தைக்கிற பித்தானா, அவரு வெச்ச எடத்துல நிக்க?"

"திரும்பி வரமாட்டீங்களா அண்ணி?"

"கூப்பிடட்டும். கோமாஷி வாயால இல்ல, அவரு வாயால."

இதை அப்படியே வந்து சொன்னேன். அண்ணன் ரொம்ப நேரம் ஒரே தையலைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தான். கூப்பிடப் போனால் ஊர் என்ன சொல்லும், போகாவிட்டால் வீடு என்ன ஆகும் என்று இரண்டு பக்கமும் யோசித்து, கடைசியில் மழை விட்டதும் போகலாம் என்று முடிவு செய்தான். அந்த வாரம் மழை விடவில்லை.

ஓட்டுக்கு முந்திய நாள் கோமாஷி வந்தார். ஒலிபெருக்கியை அபூர்வமாக மடியில் வைத்துக்கொண்டு ரகசியக் குரலில் பேசினார்.

"உன் சம்சாரத்துப் பேரு வாக்காளர் பட்டியல்ல இருக்கு. ஆனா அவ இப்பப் பிரெஞ்சுக்காரன் எல்லையில குடியிருக்கா. அங்க குடியிருக்கிறவளுக்கு இங்க ஓட்டு கெடையாது. நாளைக்கு நான் ஆட்சேபணை பண்ணப் போறேன். உன்னைக் கேப்பாங்க. உண்மையைச் சொன்னாப் போதும்."

"எந்த உண்மைய?"

"அவ உன் வீட்டுல இல்லைங்கற உண்மைய. அவ ஒருத்தி போட்டா, அவ பாட்டைக் கேட்டு நாப்பது பேரு போடுவான். அவளையே வெளிய நிறுத்திட்டா மத்தவனுங்க அடங்கிருவானுங்க."

அண்ணன் தைத்துக்கொண்டே இருந்தான். வாயில் குண்டூசி இருந்தது. அது அவனுக்கு நிறைய தடவை வசதி.

*

ஓட்டு நாள் விடிந்ததும் பலகைப் பாலத்தின் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டியிருந்தார்கள். யாரும் கடக்கக் கூடாது என்று சம்பியானிக்கு மேலிடத்து உத்தரவு. இருப்பதிலேயே நல்ல துணியை உடுத்திக்கொண்டு அண்ணி வந்து நின்றாள். நான் இக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு மூடியாச்சும்மா" என்றான் சம்பியானி.

"என்ன மூடியாச்சு?"

"பாலம்."

"ஓடை?"

சம்பியானி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். உத்தரவை மனசுக்குள் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்திருப்பான் போல. "ஓடையைப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றான்.

அண்ணி நல்ல துணியை அவிழ்த்துத் தலையில் சுற்றிக்கொண்டு, உள்ளே கட்டியிருந்த பழைய துணியோடு இறங்கினாள். மழைத் தண்ணீர், இடுப்புக்கு மேல் ஓடியது. நடுவில் கால் இடறியபோது சம்பியானி அக்கரையிலிருந்து தன் துப்பாக்கியைத் திருப்பிக் கட்டையை நீட்டினான், பிடித்துக்கொள்ள. எட்டவில்லை. எட்டியிருந்தாலும் அண்ணி பிடித்திருக்க மாட்டாள். இக்கரை ஏறியதும் புதருக்குப் பின்னால் நான் துணியைப் பிடித்துக்கொள்ள, உடுத்தி முடித்து, என்னைப் பார்த்து, "நனைஞ்சிருக்கறது தெரியுதா?" என்றாள்.

"தெரியல அண்ணி."

"பொய் சொல்லாத. தெரியட்டும். நடந்துதானே வந்தேன்னு நெனச்சுரப் போறாங்க."

பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்கு ஒரு வரிசை. ஹோ பட்டணத்திலிருந்து வந்த தேர்தல் அதிகாரி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஐ.நா. பார்வையாளர் ஒருவர், வெயிலில் வெந்த மூக்கோடு, மொழிபெயர்ப்பாளன் ஒருவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு. அண்ணி மேஜைக்கு வந்ததும் கோமாஷி கையைத் தூக்கினார்.

"ஆட்சேபணை. இந்தம்மா பிரெஞ்சு எல்லையில குடியிருக்காங்க."

அதிகாரி அண்ணியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். காலடியில் தண்ணீர் சொட்டி ஒரு சின்னக் குளம் சேர்ந்திருந்தது. "இவங்க வீட்டுக்காரர் வந்திருக்காரா?"

ஆண்கள் வரிசையிலிருந்து அண்ணனை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"சத்தியமா சொல்லணும். இந்தம்மா உங்க வீட்டுல குடியிருக்காங்களா?"

இல்லை என்று சொன்னால் ஊர் முன்னால் பெண்டாட்டியைத் தள்ளிவைத்ததாக ஆகும். ஆமாம் என்றால் தன் கட்சிக்கு எதிரான ஓட்டைத் தன் வாயாலேயே உள்ளே விட்டதாக ஆகும். அண்ணன் முதலில் வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப்பையில் குத்தினான். அவசரத்தில் அவற்றோடே வரிசைக்கு வந்திருந்தான்.

"இருக்கா" என்றான்.

"டோட்சே, யோசிச்சுச் சொல்லு" என்றார் கோமாஷி.

"யோசிச்சாச்சு. அவ உரலு என் வீட்டுல, உலக்கை என் வீட்டுல, அவ துணி என் கொடியில தொங்குது. தினம் சாயங்காலம் அவ பாட்டுதான் என் காதுல விழுது. அண்ணன் வீட்டுக்கு விருந்தாளியாப் போயிருக்கா. விருந்தாளின்னா திரும்பி வருவா."

அதிகாரி பேனாவை மூடினார். "திரும்பி வருவீங்களாம்மா?"

"ஓட்டுப் போட்டுட்டுச் சொல்றேன்."

பெண்கள் வரிசை கலகலத்தது. அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது முறை இல்லம்மா. முன்னாடியே சொல்லணும்" என்றார்.

அண்ணி அவரை விட்டுவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். மூன்று வாரத்தில் அன்றுதான் இருவரும் பாட்டில்லாமல் பேசிக்கொண்டது.

"நான் எதுல போடுவேன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"தெரிஞ்சுதான் சொன்னேன். வீட்டுக்கு வா. கூப்பிடறேன்ல."

ஐ.நா. பார்வையாளர் என்ன தகராறு என்று விசாரித்தார். மொழிபெயர்ப்பாளன் கொஞ்சம் யோசித்து, "ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்" என்று சொல்லிவிட்டான். அவரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

"வருவேன்" என்றாள் அண்ணி அதிகாரியிடம். போய் 'பிரி' என்று போட்டாள். அவளுக்குப் பின்னால் வந்த அண்ணன் 'சேர்' என்று போட்டான். ஒருத்தர் ஓட்டை ஒருத்தர் சரிக்குச் சரி அடித்துவிட்டு ஒன்றாக வீட்டுக்கு நடந்து போனார்கள். பின்னால் கோமாஷி ஒலிபெருக்கியில் எதையோ தொடங்கி, இருமிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலமே அமேவு பானையைக் கொண்டுவந்து கொடுத்தார். மூங்கிலை அவிழ்த்திருந்தார்கள். கோழி வரவில்லை. அது அங்கேயே முட்டை போடப் பழகிவிட்டதாம். "அது தன் முடிவைத் தானே எடுத்துக்கிச்சு, விடு" என்றாள் அண்ணி.

*

முடிவு வந்தது. எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் 'பிரி' ஜெயித்திருந்தது. வடக்கே 'சேர்' அள்ளிக்கொண்டு போயிருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினார்கள், 'சேர்' ஜெயித்தது. எங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று எங்களிடம் கேட்டுவிட்டு, பதிலை வேறொரு ஊரிலிருந்து வாங்கிக்கொண்டார்கள் என்று அமேவு சொன்னார்.

கோமாஷி முரசோடு எங்கள் வாசலுக்கு வந்தார். அண்ணன் வெளியே வந்து, "இன்னொரு நாள் அடிங்க, உள்ள ஆளுக்கு ஒடம்பு சரியில்ல" என்றான். உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணி கொல்லையில் கிழங்கு இடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து குடும்பம் சாப்பிடுகிற அளவு இடித்தும் உலக்கையை வைக்கவில்லை. முகத்தில் வழிந்தது வியர்வை மட்டும் இல்லை. அண்ணன் போய் எதிரில் இன்னொரு உலக்கையை எடுத்தான். ஆணுக்கு அது வேலையில்லை, பழக்கமும் இல்லை. இரண்டு தடவை உரலின் விளிம்பில் அடித்தான்.

"ஜெயிச்சுட்டீங்க" என்றாள்.

"நான் ஒரு ஓட்டுதான் போட்டேன்."

"அதுவே ஜாஸ்தி. கையைப் பாத்து இடிங்க."

மறு மார்ச்சில் கொடி ஏறியது. கானா என்று புதுப் பெயர். அண்ணன் ஊருக்கே புதுத்துணி தைத்தான். அண்ணி ஆடினாளா என்று கேட்டால், ஆடினாள். வெள்ளைக்காரன் போகிறபோது ஆடாமல் இருக்க அவளுக்கும் கால் கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் அக்கரைக்கும் சுதந்திரம் வந்தது. அன்று இரண்டு கரையும் சேர்ந்து ஆடியது. இனி இந்த ஓடை வெறும் ஓடைதான் என்று நினைத்தோம்.

எங்கே. வெள்ளைக்காரன் கிழித்த கோட்டுக்கு நம் ஆட்களே சுண்ணாம்பு அடித்தார்கள். இரண்டு தலைநகரத்துப் பெரிய மனிதர்களுக்குள் ஆகாமல் போய், எல்லையையே மூடிவிட்டார்கள். பாலத்தில் பலகையைப் பெயர்த்துவிட்டார்கள். சரியாக அந்த மாதம்தான் அமேவின் மகள் லெபெனேக்கு அக்கரையில் கல்யாணம். மணப்பெண்ணின் உடுப்பை அண்ணன் தைத்து முடித்து, இஸ்திரி போட்டு, பெட்டியில் வைத்திருந்தான்.

இக்கரைக் காவலுக்கு அப்போது கடற்கரைப் பக்கத்து இளைஞன் ஒருவன் வந்திருந்தான். எங்கள் பாஷை பேசுகிறவன், எங்கள் களியைத் தின்கிறவன்.

"அத்தைக்காரிப்பா நான். மருமக கல்யாணம்" என்றாள் அண்ணி.

"சட்டம்மா. எனக்கு என்ன, நீங்க போனாச் சந்தோஷம்தான். மேல இருக்கிறவங்க கேப்பாங்க."

"முன்ன ஒருத்தன் இருந்தான், பிரெஞ்சுக்காரன் வேலைக்காரன். அவனே ஓடையில விட்டான்."

"அவன் அன்னிய ஆளு, விடுவான். நான் நம்ம ஆளு, எப்படிம்மா விட முடியும்?"

அண்ணிக்குப் பதில் வரவில்லை. அவளுக்குப் பதில் வராமல் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அப்போது பின்னால் சளப்பென்று சத்தம். அண்ணன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கியிருந்தான். சட்டத்தை மதிக்கிற, 'சேர்' கட்சியின் பழைய ஆள். மார்வரை தண்ணீர். அக்கரையிலிருந்து அமேவு கட்டிய துணியோடு இறங்கினார். இரண்டு கரைக் காவலர்களும் துப்பாக்கியைத் தூக்கினார்கள், பிறகு நடு ஓடை எந்த நாட்டுக் கணக்கு என்று இருவருக்கும் தெரியாததால் இறக்கினார்கள்.

பெட்டி கை மாறியது. அமேவு அதைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டார். அதோடு இருவரும் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. பெண்ணின் உடுப்பு இடுப்பில் பிடிக்குமா, மாப்பிள்ளை வீட்டார் எப்படி, மழை எப்படி, கோக்கோ விளைச்சல் எப்படி என்று தண்ணீரில் நின்றபடியே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அக்கரையில் முரசு தொடங்கியது. மணப்பெண் உடுப்புக்காகக் காத்திருந்தாள்.

"கூப்பிடட்டுமா அண்ணி?" என்றேன்.

"பேசட்டும்" என்றாள். கல்யாணத்துக்கென்று கட்டிவந்த சாப்பாட்டு மூட்டையை அங்கேயே புல்லில் பிரித்தாள். எனக்கு ஒரு கோழித் துண்டு எடுத்துக் கொடுத்தாள். காவல்காரப் பையன் பார்க்காததுபோல் நின்றான். அவனுக்கும் ஒரு துண்டு எடுத்து நீட்டி, "உக்காந்து தின்னுப்பா" என்றாள். அவன் துப்பாக்கியைப் புல்லில் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.